சப்ஸியானுக்காக வைத்த கேமரா

சினிமா வாய்ப்பு வாங்கித் தருவதாக மோசடி, போலி இயக்குநர் கைது. நம் ஊர் நாளிதழ்களில் இந்தச் செய்தி புதிதல்ல. முகத்தைத் துண்டால் மறைத்தபடி ஒருவர் போலீஸ் ஜீப்பில் ஏறும் படம், கீழே நான்கைந்து வரி, எத்தனை லட்சம் சுருட்டினார் என்ற கணக்கு. படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம்.

1989இல் ஈரான் தலைநகர் தெஹ்ரானிலும் இப்படி ஒரு கைது நடந்தது. ஹசன் ஃபராஸ்மந்த் என்ற செய்தியாளர் அதைப் பற்றி 'சொரூஷ்' இதழில் எழுதினார். பிடிபட்டவர் வாங்கிய பணம் ஈரான் நாணயத்தில் வெறும் 1,900 தொமான். அந்தக் கட்டுரையைப் படித்த இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி, அப்போது வேறொரு படத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அதை அப்படியே நிறுத்திவிட்டு, படக்குழுவோடு இந்த வழக்கின் பின்னால் போனார். 1990இல் 'க்ளோஸ்-அப்' வெளிவந்தது.

பின்நவீனத்துவ சினிமா என்று பேச்சு வந்தாலே காலத்தைக் கலைத்துப் போடுவது, படத்துக்குள் படம், உண்மைக்கும் புனைவுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோட்டை அழிப்பது என்று ஒரு பட்டியல் ஒப்பிப்போம். 'க்ளோஸ்-அப்' படத்தில் இவை எல்லாமே இருக்கின்றன. ஆனாலும் இதை ஒரு விளையாட்டாக என்னால் பார்க்க முடிந்ததில்லை. இதில் உள்ள ஒவ்வொரு நுட்பத்துக்கும் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது: வெட்கப்பட்டுத் தலைகுனிந்து நிற்கும் ஒரு மனிதனை எப்படிப் பேச வைப்பது, எப்படிக் கேட்பது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வழக்கை இங்கே பார்க்கிறேன்.

நடந்தது இதுதான். ஹொசைன் சப்ஸியான் என்பவர் அச்சகத்தில் வேலை பார்த்தவர், ஏழை, மணமுறிவு ஆனவர், சினிமாப் பைத்தியம். ஒருநாள் பேருந்தில் உட்கார்ந்து 'சைக்கிளோட்டி' படத்தின் திரைக்கதைப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பெண்மணி, இந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். சப்ஸியான், இதை எழுதியதே நான்தான் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு நொடியில் அவர் அந்தப் படத்தின் இயக்குநர் மொஹ்சன் மக்மல்பாஃப் ஆகிவிட்டார். பெரிய இயக்குநர் ஏன் பேருந்தில் வருகிறார் என்று அந்த அம்மாவுக்கு வியப்பு. அதற்கும் ஒரு பதில் சொல்லிச் சமாளித்தார். அப்புறம் அந்த அம்மாவின் குடும்பமான ஆஹன்காஹ் குடும்பத்தின் வீட்டுக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். உங்கள் வீட்டிலேயே அடுத்த படத்தை எடுக்கப் போகிறேன், உங்கள் மகன்களும் நடிக்கலாம் என்றார். பொறியியல் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளைய மகனிடம் அந்த 1,900 தொமானைக் கடனாக வாங்கினார். சந்தேகம் வந்ததும், வீட்டை நோட்டம் விட்டுத் திருடத்தான் வந்திருக்கிறான் என்று அவர்கள் பயந்தார்கள். போலீஸ் வந்தது.

ஏன் மக்மல்பாஃப்? தமிழ்ப் பார்வையாளர்கள் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிவிடுவதைக் கவனித்திருக்கிறேன். அன்றைய ஈரானில் அந்தப் பெயருக்கு இருந்த எடை வேறு. மக்மல்பாஃப் பதினேழு வயதில் மன்னர் ஷாவின் ஆட்சிக்கு எதிராகக் கிளம்பி, ஒரு போலீஸ்காரரைக் கத்தியால் குத்திச் சிறைக்குப் போனவர். புரட்சிக்குப் பிறகு படமெடுக்க வந்து ஏழைகளின் கதைகளைச் சொன்னவர். 'சைக்கிளோட்டி' படத்தில் ஓர் ஆப்கன் அகதி, மனைவியின் மருத்துவச் செலவுக்காக இரவுபகலாக ஒரு வாரம் இறங்காமல் சைக்கிள் மிதிக்கிறான், கூட்டம் சுற்றி நின்று பந்தயம் கட்டுகிறது. சப்ஸியான் அந்தச் சைக்கிளில் தன்னைத்தான் பார்த்தார். சிறையில் தன்னைப் பார்க்க வந்த கியாரோஸ்தமியிடம், அந்தப் படம் என்னில் ஒரு பகுதி என்று மக்மல்பாஃபிடம் சொல்லுங்கள் என்றுதான் சொல்கிறார். ஆகப் புகழைத் திருடுவது மட்டும் அவர் நோக்கமாக இருக்கவில்லை. தன் வேதனையை ஊர் கேட்கச் சொல்லத் தெரிந்த ஒருவரின் பெயரைக் கொஞ்ச நாள் போர்த்திக்கொண்டார்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இது சுயாதீன சினிமாவா? படத்தைத் தயாரித்தது 'கானூன்', அதாவது 1965இல் தொடங்கப்பட்ட சிறுவர், இளைஞர் அறிவு வளர்ச்சி நிறுவனம். அது அரசு சார்ந்த அமைப்பு. ஆனால் அங்கே வசூல் கணக்கு பார்த்துக் கதை கேட்பவர் யாரும் இல்லை. அதன் திரைப்படப் பிரிவைக் கட்டியெழுப்பியவர்களில் கியாரோஸ்தமியும் ஒருவர். 1970இல் தன் முதல் குறும்படத்தையும் அங்கேதான் எடுத்தார். ஏற்பாடான படத்தைக் கைவிட்டு, முழுத் திரைக்கதை இல்லாமல், நட்சத்திரம் இல்லாமல் ஒரு செய்தியின் பின்னால் ஓட அந்த அமைப்பு இடம் கொடுத்தது. நாம் சுயாதீனம் என்று சொல்லும்போது பணம் யாருடையது என்று மட்டும் பார்க்கிறோம். முடிவு யார் கையில் இருந்தது என்றும் பார்த்தால் 'க்ளோஸ்-அப்' அந்த வரிசையில்தான் வரும்.

உருளும் டப்பா

படம் ஒரு டாக்சியில் தொடங்குகிறது. செய்தியாளர் ஃபராஸ்மந்த் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் இரண்டு சிப்பாய்கள். போலி மக்மல்பாஃபைப் பிடிக்கப் போகிறார்கள். செய்தியாளருக்குப் பெரிய செய்தி சிக்கிவிட்ட உற்சாகம். ஓட்டுநர் முன்பு விமானப்படையில் விமானியாக இருந்தவர். சினிமா பார்க்க அவருக்கு நேரமில்லை, மக்மல்பாஃப் யார் என்றும் தெரியாது. வழி கேட்டுக் கேட்டுப் போகிறார்கள்.

வீடு வந்ததும் செய்தியாளர் உள்ளே போகிறார், பிறகு சிப்பாய்கள் போகிறார்கள். நாமும் போவோம் என்று எதிர்பார்க்கிறோம். கேமரா போகவில்லை. ஓட்டுநரோடு தெருவிலேயே நின்றுவிடுகிறது. அவர் வண்டியைத் திருப்பி நிறுத்துகிறார். குவித்துக் கிடக்கும் சருகுக் குப்பையிலிருந்து இரண்டு மூன்று பூக்களைப் பொறுக்கி எடுக்கிறார். அப்போது கால் பட்டு ஒரு காலி ஸ்பிரே டப்பா சரிவில் உருளத் தொடங்குகிறது. கேமரா அதன் பின்னாலேயே போகிறது. உருண்டு, உருண்டு, கடகடவென்று சத்தம் போட்டு, கடைசியில் ஓரத்தில் போய் முட்டி நிற்கும்வரை வெட்டே இல்லை.

உள்ளே ஒரு மனிதனின் வாழ்க்கை உடைந்துகொண்டிருக்கிறது, நாம் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முதல் தடவை எரிச்சல்கூட வரலாம். கைதுக் காட்சியைக் கியாரோஸ்தமி தவிர்த்துவிடவில்லை, தள்ளி வைத்திருக்கிறார். படம் முக்கால்வாசி கடந்த பிறகு அதே கைது மறுபடி வரும், இந்த முறை வீட்டுக்குள்ளிருந்து. அதற்குள் சப்ஸியான் யார், அவருடைய அம்மா யார், அவர் எதற்காக ஏங்கினார் என்று நமக்குத் தெரிந்துவிட்டிருக்கும். தொடக்கத்திலேயே உள்ளே போயிருந்தால் ஒரு மோசடிக்காரன் மாட்டுவதைப் பார்த்திருப்போம். பிறகு போவதால், பிடிபடப் போகிறோம் என்று தெரிந்தும் அங்கேயே உட்கார்ந்திருக்கும் ஒரு முகத்தைப் பார்க்கிறோம். காலத்தை மாற்றி அடுக்குவது எதற்கு என்று குறும்படம் எடுக்கும் தம்பிகள் கேட்கும்போதெல்லாம் இந்த இரண்டு கைதுகளைத்தான் காட்டுவேன்.

டப்பாவுக்குப் பிறகு தலைப்பு ஓடுகிறது, பின்னணியில் அச்சு இயந்திரம். சப்ஸியான் வேலை பார்த்த தொழில் அது. அவர் மானம் போன செய்தியும் அதே மாதிரி ஓர் இயந்திரத்தில்தான் அச்சாகி வெளியே வருகிறது. இதைப் பற்றி யாரும் படத்தில் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

நீதிமன்றத்தில் இரண்டு கேமரா

படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கியாரோஸ்தமி நீதிபதியிடம் போய் விசாரணையைப் படம்பிடிக்க அனுமதி கேட்கிறார். நீதிபதி ஒரு மதகுரு. இதைவிடப் பெரிய வழக்குகள் இருக்க, இந்தச் சின்ன வழக்கில் என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் அனுமதி தருகிறார். விசாரணைத் தேதியைக்கூடக் கொஞ்சம் முன்னால் கொண்டுவர முடியுமா என்று கியாரோஸ்தமி கேட்கிறார். வழக்கின் போக்கில் படம் கைவைப்பது அங்கேயே தொடங்கிவிடுகிறது.

நீதிமன்றக் காட்சிகள் 16 எம்.எம். ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. மற்ற இடங்களின் தெளிவு இதில் கிடையாது, திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும். தொடக்கத்தில் கிளாப் பலகை தெரிகிறது. பிறகு கியாரோஸ்தமியின் குரல் மட்டும் கேட்கிறது. இங்கே இரண்டு கேமரா இருக்கின்றன என்று சப்ஸியானுக்கு விளக்குகிறார். ஒன்று நீதிமன்றம் முழுவதையும் எடுக்கும். இன்னொன்றில் க்ளோஸ்-அப் லென்ஸ் இருக்கிறது, அது உங்களை மட்டும் பார்க்கும். சட்டத்திடம் சொன்னால் புரியாதது, மற்றவர்கள் நம்பக் கடினமாக இருப்பது ஏதாவது இருந்தால் இந்தக் கேமராவிடம் சொல்லுங்கள் என்கிறார்.

இந்த ஏற்பாட்டை யோசித்துப் பாருங்கள். ஒரே அறையில் இரண்டு நீதிமன்றங்கள். ஒன்றில் குற்றச்சாட்டு, சாட்சி, தீர்ப்பு என்று நடைமுறை ஓடுகிறது. இன்னொன்றில் ஒரு முகம், கேட்க ஒருவர், அவ்வளவுதான். படத்தின் பெயர் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சப்ஸியான் அந்தக் கேமராவிடம் பேசுகிறார். மக்மல்பாஃபாக இருந்தபோது அந்த வீட்டில் தான் சொன்னதையெல்லாம் கேட்டார்கள் என்கிறார். பொருள்களை இடம் மாற்றச் சொன்னால் மாற்றுவார்கள். அதற்கு முன் வாழ்க்கையில் யாரும் தன் பேச்சைக் கேட்டதில்லை. அந்த வீட்டைவிட்டு வெளியே வந்ததும் மறுபடி பழைய சப்ஸியான், கையில் காசில்லாத சப்ஸியான். ஆனாலும் மறுநாள் அந்த வேடத்தைப் போட எழுந்துவிடுவார்.

பேச்சின் நடுவே, கியாரோஸ்தமியின் பழைய படம் ஒன்றில் வரும் சிறுவனைப் போன்றவன் நான் என்கிறார். அந்தப் படம் 1974இல் வந்த 'பயணி'. ஊரிலிருந்து தெஹ்ரானுக்குப் போய்க் கால்பந்துப் போட்டி பார்க்க ஆசைப்படும் சிறுவன், ஃபிலிம் இல்லாத ஒரு கேமராவை வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளைப் படம் எடுப்பதாக ஏமாற்றிக் காசு சேர்ப்பான். எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுவான். ஆட்டம் தொடங்கும் முன் அசந்து தூங்கிப்போவான், விழிக்கும்போது மைதானம் காலியாக இருக்கும். சப்ஸியான் இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும். தன் எதிரே நிற்கும் இயக்குநரிடம், நீங்கள் பதினைந்து வருஷத்துக்கு முன்பே என் கதையை எடுத்துவிட்டீர்கள் என்று ஒரு ரசிகன் குற்றவாளிக் கூண்டில் இருந்து சொல்கிறான். அந்தச் சிறுவனின் காலிக் கேமராவையும் மறக்காதீர்கள். படம் எடுப்பவன் பொய் சொல்கிறான், ஆனால் எதிரே நிற்கும் பிள்ளைகள் நேராக நிமிர்ந்து, தங்களை யாரோ பார்க்கிறார்கள் என்ற மகிழ்ச்சியோடு நிற்கிறார்கள்.

சரி, இனி சிக்கலான பகுதி. இந்த விசாரணையில் நாம் பார்ப்பது எல்லாம் விசாரணை அல்ல. நீதிபதி எழுந்து போன பிறகும் கியாரோஸ்தமி மணிக்கணக்கில் சப்ஸியானைப் பேசவைத்துப் படம்பிடித்தார். பின்னாளில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பகுதிகளை, நீதிபதி கவனித்துக் கேட்கும் ஷாட்டுகளோடு சேர்த்து வெட்டினார். அதாவது, நீதிபதி கேட்பதாக நாம் நம்பும் சில வார்த்தைகளை அவர் கேட்கவே இல்லை.

இதைப் படித்து அறிந்த அன்று எனக்குக் கோபம் வந்தது. ஆள்மாறாட்டத்துக்காக ஒருவரை விசாரிக்கும் அறையில், காட்சிமாறாட்டம் செய்வது எப்படிச் சரியாகும்? பல நாள் இது உறுத்தியது. இன்று என் கருத்து வேறு. அந்த வெட்டு சப்ஸியானைச் சிறுமைப்படுத்தவில்லை, குடும்பத்தின் தரப்பையும் திரிக்கவில்லை. அவர்கள் புகார் முழுசாகவே படத்தில் இருக்கிறது. நீதிமன்றத்துக்கு நேரமில்லாத பேச்சுக்கு அது நேரம் வாங்கிக் கொடுத்திருக்கிறது. ஆவணப்படம் என்று சொல்லி இதைக் காட்டினால் தவறுதான். தொடக்கத்திலிருந்தே, நான் ஒரு படம் என்று கிளாப் பலகையைக் காட்டிச் சொல்லும் படத்துக்கு அந்த உரிமை உண்டு என்று நினைக்கிறேன். இதை ஏற்காத நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள், அவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

கியாரோஸ்தமியே அந்தச் சந்தேகத்தைப் படத்துக்குள் எழுப்புகிறார். இப்போது கேமரா முன்னால் நீங்கள் நடிக்கவில்லையா என்று சப்ஸியானிடம் கேட்கிறார். நான் என் வேதனையைச் சொல்கிறேன், இது நடிப்பல்ல என்று பதில் வருகிறது. இயக்குநராக விருப்பமா, நடிகராகவா என்றால், நடிகராக. எந்தப் பாத்திரம் என்றால், என் பாத்திரம். குடும்பத்தார் கடைசியில் மன்னிக்கிறார்கள், இனியாவது உருப்படியாக வாழட்டும் என்ற நிபந்தனையோடு.

மறுபடி அந்த வீட்டுக்குள்

விசாரணைக்கு நடுநடுவே, நடந்தவை மறுநடிப்பாக வருகின்றன. அதே பேருந்துச் சந்திப்பு, அதே வீடு, அதே குடும்பம், அதே சப்ஸியான். வேறு நடிகர்கள் யாரும் கிடையாது. ஏமாற்றப்பட்டவர்கள், தாங்கள் நம்பிய நாட்களைத் தங்கள் வரவேற்பறையிலேயே மறுபடி நடித்துக் காட்டுகிறார்கள். ஏமாற்றியவர், மக்மல்பாஃபாக நடித்த தன்னை நடித்துக் காட்டுகிறார்.

இந்த வலையைப் பற்றி எவ்வளவோ கோட்பாட்டுக் கட்டுரைகள் எழுதலாம். எனக்கு முக்கியமாகப் படுவது மிக எளிமையான ஒன்று. உங்கள் வீட்டில் படம் எடுப்பேன், உங்கள் மகன்கள் நடிப்பார்கள் என்று சப்ஸியான் சொன்ன பொய், இந்தப் படத்தால் உண்மையாகிவிட்டது. அந்த வீட்டில் நிஜமாகவே படக்குழு வந்து இறங்கியது. மகன்கள் நடித்தார்கள். சப்ஸியானுக்கும் அவர் கேட்ட பாத்திரமே கிடைத்தது. மன்னிப்பு என்பது நீதிமன்றத்தில் சொன்ன ஒரு வாக்கியமாக நின்றுவிடாமல், இரண்டு தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுக்கும் வேலையாக மாறியது. வேறெந்த வழக்கிலும் நான் இப்படி ஒரு சமரசத்தைக் கேள்விப்பட்டதில்லை.

கடைசிக் காட்சிக்குப் போகும் முன், பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈரானில் படத்துக்குத் தொடக்கத்தில் பெரிய வரவேற்பு இல்லை. வெளிநாட்டு விழாக்கள் வழியாகத்தான் பெயர் பரவியது. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 2022இல் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில், உலகின் சிறந்த படங்களில் 17ஆவது இடத்தில் நின்றது. மக்மல்பாஃப் 1996இல், தான் பதினேழு வயதில் கத்தியால் குத்திய அதே முன்னாள் போலீஸ்காரரோடு சேர்ந்து, அந்தச் சம்பவத்தையே மறுநடிப்பாக்கி ஒரு படம் எடுத்தார். 'க்ளோஸ்-அப்' திறந்துவிட்ட கதவு அது என்றே நினைக்கிறேன். சப்ஸியானைப் பற்றியும் 1996இல் ஓர் ஆவணப்படம் வந்தது. சினிமா அவரை வாழவைக்கவில்லை. 2006இல் தெஹ்ரான் மெட்ரோவில் மயங்கி விழுந்தவர், நினைவு திரும்பாமலே இறந்துபோனார். கியாரோஸ்தமி 2016இல் பாரிஸில் காலமானார்.

அறுந்துபோன ஒலி

சப்ஸியான் விடுதலையாகும் நாள். வெளியே நிஜமான மக்மல்பாஃப் காத்திருக்கிறார். படக்குழு தூரத்தில் ஒரு வண்டிக்குள் இருந்து, விரிசல் விட்ட முன்கண்ணாடி வழியாக எடுக்கிறது. சப்ஸியான் அவரைக் கண்டதும் உடைந்து அழுகிறார். மக்மல்பாஃப் அவரை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொள்கிறார். தெஹ்ரான் போக்குவரத்துக்குள் இருவரும் பேசிக்கொண்டே போகிறார்கள். அப்போது ஒலி அறுகிறது. வருகிறது, போகிறது, பாதி வார்த்தை, அப்புறம் மௌனம். சட்டையில் மாட்டிய மைக்கில் கோளாறு, பழைய கருவி, இதை மறுபடி எடுக்கவும் முடியாது என்று வண்டிக்குள் இருப்பவர்கள் புலம்புவது கேட்கிறது. முதல் தடவை பார்த்தபோது நான் என் ஹெட்போனைத்தான் கழற்றிக் கழற்றி மாட்டினேன்.

கோளாறு எதுவும் இல்லை. உரையாடல் முழுதாகவே பதிவாகியிருந்தது. ஒலியை அறுத்தது படத்தொகுப்பில். இதையும் கியாரோஸ்தமியே பின்னாளில் சொன்னார். மைக் இருப்பது மக்மல்பாஃபுக்குத் தெரியும், சப்ஸியானுக்குத் தெரியாது. ஒருவர் பதிவாகிறது என்று தெரிந்து பேசுகிறார், இன்னொருவர் தன் நாயகனிடம் மனம் திறந்து பேசுகிறார். இருவர் பேச்சும் ஒரே தட்டில் நிற்கவில்லை.

படம் முழுக்கச் சப்ஸியானைக் கேட்பதற்காகவே கேமராவை வைத்த இயக்குநர், எல்லோரும் அதிகம் கேட்க விரும்பிய பேச்சை நமக்குத் தராமல் எடுத்துவிட்டார். நீதிமன்றத்தில் அந்தக் கேமரா தன்னுடையது என்று சப்ஸியானுக்குத் தெரியும், அதனிடம் எதைச் சொல்வது என்று அவரே முடிவு செய்தார். மோட்டார் சைக்கிளில் அந்த முடிவு அவர் கையில் இல்லை. அதனால் அந்தப் பேச்சு அவருக்கும் மக்மல்பாஃபுக்கும் இடையிலேயே இருந்துவிட்டது. விமர்சனங்களில் இதை ஊடகத்தின் நம்பகத்தன்மையைக் கேள்விக்குள்ளாக்கும் உத்தி என்று எழுதுவார்கள். எனக்கு அது ஒரு கதவைச் சத்தமில்லாமல் சாத்துவது போலத்தான் தெரிகிறது.

வழியில் பூ வாங்குகிறார்கள். சப்ஸியான் ஒரு செடியை எடுக்க, வேறு நிறம் எடுக்கலாமே என்று மக்மல்பாஃப் சொல்கிறார். ஆஹன்காஹ் வீட்டு வாசல் வந்துவிட்டது. சப்ஸியான் அழைப்பு மணியை அழுத்துகிறார். உள்ளேயிருந்து யார் என்று கேட்கிறார்கள். சப்ஸியான் என்று தன் சொந்தப் பெயரைச் சொல்கிறார். அந்தப் பெயர் அவர்களுக்கு உடனே பிடிபடவில்லை. ஒரு கணம் தயங்கி, மக்மல்பாஃப் என்கிறார். கதவு திறக்கிறது.